காணும் நாள்: ஏரிநாட்டில் ஒரு பேருந்துப் பயணம்

நுழையும்முன்

நாள்தோறும் ஒரே சாலையில் சென்று திரும்புவோர் அந்தச் சாலையின் இருமருங்கையும் கண்டிருப்பர் என்று சொல்ல இயலுமா? கடந்து செல்வது வேறு; காண்பது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை, காண்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவைத்தது தமிழர் வாழ்வு. அந்நாளில் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து ஏரிகளின் வழியே புறப்படும் பேருந்து ஒன்றின் பயணம் இப்பாடம்.

விடியலில் ஒரு பேருந்து

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில், அக்காலத்து விடியற்பொழுதில் பனி தாழ இறங்கியிருக்கும். அந்தப் பனியைக் கிழித்துக்கொண்டு தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும். இரவுப்பணி முடித்தோரை ஏற்றிக்கொண்டு சில திரும்பும். காலைப்பணிக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு சில விரையும். காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் ஊர்களிலிருந்து வருவோர் பலர். தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்போரும் பலர். பேருந்தின் சன்னல்கள் மூடியிருக்கும், திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருக்கும், உள்ளே அனைவரும் உறங்கிக்கொண்டிருப்பர். உழைத்துக் களைத்தவருக்கும் உழைக்கப் போகிறவருக்கும் அந்த ஒருமணி நேர உறக்கம் தேவை. ஆனால், அவ்வுறக்கத்தினூடே கடந்துபோகும் ஏரிகளின் பெயர் அவர்களுள் பலருக்குத் தெரிவதில்லை.

1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என இப்பகுதி முழுவதும் மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர ஊர்தி, மின்னணுக் கருவிகள் ஆகியவற்றின் ஆலைகள் பெருகின. 2024ஆம் ஆண்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட மகளிர் பணியாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்து மக்கள்தொகைக்கு ஒப்பானது அவ்வெண்ணிக்கை. வைணவ ஆசாரியர் இராமானுசர் 1017ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்று அறியப்பட்ட திருப்பெரும்புதூர், இன்று உலகச் சந்தைக்குப் பொருள்களை அனுப்பும் தொழில்வழியின் தலைவாயிலாகவும் விளங்குகிறது.

தைத்திங்கள் மூன்றாம் நாளில் இச்சாலையில் வேறு கோலத்தில் ஒரு பேருந்து நிற்கிறது. முன்புறத்தில் மாவிலைத் தோரணம், பக்கவாட்டில் கட்டிய கரும்பு, சாமந்திப்பூ மாலை. தெருவினர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து வாடகைக்கு அமர்த்திய பேருந்து அது. புளியோதரையும் தயிர்ச்சோறும் தூக்குகளில் ஏறுகின்றன. முறுக்கும் வடையும் துணிப்பைகளில் ஏறுகின்றன. முதல் இருக்கைக்காகச் சிறுவர்கள் போட்டியிடுகின்றனர். பிள்ளைகளின் காதுகளை மூடிக் கம்பளித்துணி கட்டிவிடுகின்றனர் பாட்டிமார். பேருந்து நகரும்போது எழும் குலவை ஒலியில் தெருவே விழித்துக்கொள்கிறது. இன்று திரைச்சீலைகள் விலக்கப்பட்டிருக்கின்றன.

காணும் பொங்கல்

பொங்கல் திருநாளின் முதல் நாள் கதிரவனுக்கும், அடுத்த நாள் மாடுகளுக்கும் உரியது. மூன்றாம் நாளைக் காணும் பொங்கல் என்பர். உற்றார் உறவினரைக் காண்பதும், பெரியோரைக் கண்டு வாழ்த்துப் பெறுவதும், ஆறு, கடல், சோலை, கோயில் எனச் சென்று காண்பதும் அந்நாளின் வழக்கங்கள். சென்னைக் கடற்கரையிலும் மாமல்லபுரத்திலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் அன்று மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அறுவடையின் உழைப்பு முடிந்தபின் உழவர் தம் நிலத்துக்கு வெளியே தலைநிமிர்ந்து உலகைப் பார்த்த நாள் என்றும் இதனைக் கொள்ளலாம்.

வழிப்பயணத்தை இலக்கியமாக்கியது தமிழ். பரிசில் பெற்று வரும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞருக்கு வழியும் வழியிலுள்ள நிலமும் கூறி ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கூறுவது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூலில் உப்பு வணிகரின் வண்டி வரிசை, உழவர் ஊர்கள், கலங்கரை விளக்கம் நிற்கும் துறைமுகம் எனத் தொண்டை நாட்டின் காட்சிகள் தொடர்ந்து வருகின்றன. வழியில் வாழும் மக்கள் யார், அவர்கள் என்ன தொழில் செய்கின்றனர், வருவோர்க்கு என்ன உணவு தருகின்றனர் என்பனவற்றை எல்லாம் அந்நூல் சொல்கிறது. போய்ச் சேரும் இடம் மட்டுமன்றி, வழியும் அறியத்தக்கது என்பது ஆற்றுப்படை தரும் பாடம். அதே தொண்டை நாட்டின் ஒரு பகுதியிலேதான் இந்தப் பேருந்தும் செல்கிறது.

ஏரிகள் கோத்த நிலம்

ஆலைகளின் மதில்களைக் கடந்ததும் பனிக்கிடையே நீர்ப்பரப்புகள் தெரியத் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த காலமாதலால் ஏரிகளில் நீர் நிறைந்திருக்கிறது. சில வயல்களில் சம்பாக் கதிர் சாய்ந்து நிற்கிறது. சில வயல்களில் நவரைப் பருவத்து நாற்று பச்சை கட்டியிருக்கிறது. விடுதியில் தங்கிப் பணியாற்றும் இளம்பெண் ஒருத்தி, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் கேட்கிறாள்:

“தாத்தா, பக்கத்துல ஆறு ஒண்ணும் இல்லையே, இந்த ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது?”

“மேல ஒரு ஏரி இருக்கும்மா. அது நிரம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு இங்க வரும். இது நிரம்பினா கீழே இருக்கிற ஏரிக்குப் போகும். அண்ணன் சாப்பிட்டு மிச்சத்தைத் தம்பிக்குக் குடுக்கிற மாதிரி.”

முதியவர் இப்பகுதியில் பயிரிட்டு வாழ்ந்தவர். நிலம் தொழிற்பேட்டைக்குச் சென்றபின் அவர் மகன் ஆலைப் பணியாளரானார். அவர் ஓரிரு சொற்களில் கூறியதுதான் தமிழகத்தின் பழைமையான நீர் மேலாண்மை. பேராறுகள் குறைந்த இம்மண்ணில், மழைநீரைச் சரிவுக்குச் சரிவு தேக்கி வைத்தனர் முன்னோர். ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்கு வரத்துநீர் ஆகிறது. இவ்வாறு இணைந்த ஏரிகளைத் தொடர் ஏரிகள் என்பர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் உள்ளன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் மிகுந்ததால் ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றிருந்தது.

ஏரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் உண்டு. நீர் வந்து சேரும் வழி வரத்துக்கால். பாசனத்துக்கு நீரைத் திறந்துவிடும் அமைப்பு மதகு. மிகைநீர் வழிந்தோடும் இடம் கலங்கல். இவற்றுள் எது பழுதுபட்டாலும் ஏரி ஏரியாக இராது. ஆகவே அவற்றைக் காப்பதற்கும் ஓர் அமைப்பு இருந்தது. இதே மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றிக் கூறுகின்றன. ஏரியைக் காக்கும் அவ்வாரியத்தின் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தனர். ஏரி ஊரார் அனைவருக்கும் உரியது. எனவே அதனைக் கண்காணிப்பதும் ஊராரின் பொறுப்பு என்பது அதன் கருத்து.

இத்தொடரின் பயனும் அருமையும் இப்பகுதி மக்களுக்கு அண்மையில் மீண்டும் உணர்த்தப்பட்டன. திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி ஆகியவற்றின் மிகைநீர் கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்று சேர்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுடைய செம்பரம்பாக்கம், சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் முதன்மையானது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்தபோது ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும்! மேலே உள்ள ஏரியின் வரத்துக்கால் அடைபடுமானால், கீழே உள்ள நகரம் மழைக்காலத்தில் மூழ்கும், கோடையில் தவிக்கும். ஆலைக்கும் நீர் வேண்டும். ஆலையில் பணியாற்றுவோரின் வீட்டுக்கும் நீர் வேண்டும். ஏரியைக் காப்பதும் தொழிலை வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல; ஏரி இல்லாத இடத்தில் தொழிலும் நிலைக்காது.

ஏரி காத்த ஊர்

சிங்கப்பெருமாள்கோயிலில் பெருஞ்சாலையை அடைந்த பேருந்து தெற்கே திரும்புகிறது. செங்கல்பட்டின் கொளவாய் ஏரி வெயிலில் மின்னுகிறது. அடுத்துப் பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றில் ஆங்காங்கே நீர் தேங்கியிருப்பதைக் கண்டு சிறுவர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். கும்மிப்பாட்டும் கைதட்டலுமாகப் பேருந்து மதுராந்தகத்தை அடைகிறது. பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய மதுராந்தகம் ஏரியின் கரையை அடுத்துக் கோதண்டராமர் கோயில் உள்ளது. மக்கள் அவரை ஏரி காத்த இராமர் என்று அழைக்கின்றனர்.

அப்பெயருக்கு ஒரு வரலாறு கூறப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் இருந்தது. லயனல் பிளேஸ் என்பவர் ஆட்சியர். மழைக்காலந்தோறும் ஏரிக்கரை உடைந்துகொண்டிருந்தது. கோயிலில் தாயாருக்குச் சன்னதி கட்டித் தருமாறு ஊரார் அவரிடம் வேண்டினர். இவ்வாண்டு கரை உடையாது நின்றால் கட்டித் தருவதாக அவர் கூறினார். பெருமழை பெய்த ஓர் இரவில் கரையைப் பார்க்கச் சென்ற ஆட்சியர், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டாராம். கரை உடையவில்லை, சன்னதி எழுந்தது. நம்பிக்கை சார்ந்த இக்கதையில் ஒரு வாழ்க்கை உண்மை பொதிந்துள்ளது. மழையிரவில் கரையின்மேல் ஒருவர் விழித்திருந்தால்தான் ஏரி நிலைக்கும். அவ்வாறு விழித்திருந்த எண்ணற்ற ஊர்க்காவலர்களின் பெயர்கள் எழுதிவைக்கப்படவில்லை.

கோயிலைக் கண்டபின் ஏரிக்கரை மரநிழலில் கட்டுச்சோறு பிரிக்கப்படுகிறது. ஒரு வீட்டுப் புளியோதரை இன்னொரு வீட்டு இலைக்குச் செல்கிறது. உண்ட இலைகளையும் தாள்களையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பேருந்திலேயே ஏற்றுகின்றனர் இளைஞர். அதைப் பார்த்து முதியவர் மகிழ்கிறார்.

பறவைகளின் மாலை

மதுராந்தகத்திலிருந்து வேடந்தாங்கல் நெடுந்தொலைவன்று. நான்கு மணிக்குமேல் அங்குச் செல்வது நலம். இரை தேடச் சென்ற பறவைகள் கூடு திரும்பும் நேரம் அது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடைய சிற்றேரி அது. தொண்டை நாட்டு வழக்கில் தாங்கல் என்பது சிறு நீர்நிலையைக் குறிக்கும். ஏரிநீருக்குள்ளேயே கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. அம்மரங்களில் இலைகளினும் மிகுதியாகப் பறவைகள் அமர்ந்திருக்கின்றனவோ என்று ஐயுறத் தோன்றும். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியவை இங்குக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே பனி உறையும் நாடுகளிலிருந்து குளிருக்கு அஞ்சி வந்து தங்குகின்றன. பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதை வலசை போதல் என்பர். குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், தென்திசை சென்று வடதிசை திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூது விடுத்தார். வலசையைத் தமிழர் கூர்ந்து நோக்கியிருந்தமைக்கு அப்பாடல் சான்றாகிறது.

இவ்வேரியைக் காத்தவர்கள் இவ்வூர் மக்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு இயற்கை உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். கும்பினிப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் கௌல் என்னும் உறுதியாவணம் 1798ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. வழங்கியவர், மதுராந்தகத்தில் நாம் அறிந்த அதே லயனல் பிளேஸ். 1858ஆம் ஆண்டில் ஊரார் அதனை மீண்டும் புதுப்பித்துக்கொண்டனர். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி 1998ஆம் ஆண்டில் சரணாலய எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இத்தனைக்கும் அடிப்படை, தம் ஏரியில் நிகழ்வதை நாள்தோறும் கண்டு, தவறு நேர்ந்தபோது வாய் திறந்து கேட்ட எளிய உழவர்கள்.

கண்காணிப்புக் கோபுரத்தின் மேலிருந்து இளம்பெண் வானத்தை நோக்குகிறாள். நான்கு திசைகளிலிருந்தும் வரிசை வரிசையாகப் பறவைகள் வந்து இறங்குகின்றன.

“இத்தனை பறவைக்கும் இந்தச் சின்ன ஏரி போதுமா தாத்தா?”

“தூங்கறதுக்குத்தாம்மா இது. இரைக்குச் சுத்துவட்டாரத்து ஏரி எல்லாத்துக்கும் போகும். அந்த ஏரியெல்லாம் வத்திப்போனா இங்க கூடு இருந்தும் பிரயோசனம் இல்ல.”

அவள் சற்று நேரம் பேசவில்லை. கூடு ஓரிடம், இரை ஓரிடம் என்னும் வாழ்க்கை அவளுக்குப் புதிதன்று. சொந்த ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கி ஆலைக்குச் செல்பவள் அவள். வேடந்தாங்கலை மட்டும் வேலியிட்டுக் காத்தால் பறவைகள் வாழ்ந்துவிடா. சுற்றியுள்ள பெயரறியா ஏரிகளும் தாங்கல்களும் சேற்று வயல்களும் உடன் வாழ வேண்டும். அவள் நாள்தோறும் திரைச்சீலைக்கு அப்பால் விட்டுச் சென்ற ஏரியும் அவ்வாறான ஒன்றே.

திரும்பும் வழி

இருள் கவியும்போது பேருந்து வடக்கே திரும்புகிறது. பனி மீண்டும் இறங்குகிறது. சிறுவர்கள் தாய்மார் மடியில் உறங்கிவிட்டனர். ஒரகடத்தை நெருங்கும்போது ஆலைகளின் விளக்குகள் வானத்தின் ஒரு பகுதியை வெளிறச் செய்கின்றன. முதியவர் சன்னலைத் திறந்து இருளைச் சுட்டிக்காட்டி, ஒவ்வோர் ஏரியின் பெயராகச் சொல்லிக்கொண்டு வருகிறார். இளம்பெண் அவற்றைத் தன் திறன்பேசியில் குறித்துக்கொள்கிறாள். அப்பெயர்களை எழுதிவைப்பதற்கு இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் விடியலில் அதே சாலையில் வழக்கம்போல் தொழிற்சாலைப் பேருந்துகள் செல்லும். பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருப்பர்; அது அவர்தம் உரிமை. ஆயினும், ஒரு பேருந்தில் ஒரு சன்னலின் திரைச்சீலை மட்டும் விலகியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகள்: கார்காலம் (ஆவணி, புரட்டாசி), கூதிர்காலம் (ஐப்பசி, கார்த்திகை), முன்பனிக்காலம் (மார்கழி, தை), பின்பனிக்காலம் (மாசி, பங்குனி), இளவேனில் (சித்திரை, வைகாசி), முதுவேனில் (ஆனி, ஆடி).

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியிலுள்ள நீர்நிலைகளின் பெயர்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு வழிப்படம் வரைக.
2. உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றின் இன்றைய நிலையை நேரில் கண்டு குறிப்பெழுதுக.
3. காணும் பொங்கலன்று நீங்கள் சென்று வந்த இடம் ஒன்றனைப் பற்றி, அவ்விடத்துக்குச் செல்லும் வழியையும் சேர்த்து, நண்பருக்குக் கடிதம் எழுதுக.

குறுவினா

1. தொடர் ஏரிகள் என்பவை யாவை?
2. வேடந்தாங்கல் மக்கள் பெற்ற கௌல் எதற்கு உரிமை அளித்தது?

சிறுவினா

மதுராந்தகம் ஏரியைப் பற்றிய கதை உணர்த்தும் வாழ்க்கை உண்மையை விளக்குக.

நெடுவினா

‘ஏரியைக் காப்பதும் தொழிலை வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.